மேல மேல ஏத்திறவனோட விளையாடுறது எப்பிடி?

போக்கர் விளையாடத் தெரிஞ்ச எங்கட பெடியள் இப்ப எல்லா இடத்திலயும் இருக்கினம். கனடா, லண்டன், பாரிஸ் ஆக்களை விடுங்கோ. வளைகுடாவில தட்டுக்கட்டில் போட்ட அறைகளிலயும் விளையாடுகினம். அவையில கனபேருக்கு ஒரே முறைப்பாடுதான்: "நான் ஏத்தினா அவன் உடன திருப்பி ஏத்துறான். ஒவ்வொரு தரமும் ஏத்துறான். என்ன செய்யிறது?"

யூரியூப்பில வாறவை தொடங்கி பக்கத்துக் கட்டில்காரன் வரைக்கும் இதுக்குச் சொல்லுற மருந்தும் ஒண்டுதான். "நீ பயந்தவன் எண்டு நினைச்சிட்டான். நீயும் திருப்பி அடி."

என்ர அபிப்பிராயம், இந்த மருந்து அரைவாசிப் பேருக்குத்தான் கேட்கும். வளைகுடா அறைகளில அந்த அரைவாசிக்கும் கேட்காது. ஏனெண்டா திருப்பி அடிக்கிறது பலிக்குமா எண்டதை உங்கட தைரியம் தீர்மானிக்கிறேல்லை. எதிரில இருக்கிறவனுக்கு அந்தச் சிப்ஸ் என்ன பெறுமதி எண்டதுதான் தீர்மானிக்குது. இதை விளங்காமல் அடிக்கு அடி எண்டு போறவை கனபேரை நான் பாத்திட்டன். அதாலதான் இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன்.

போக்கர் தெரியாத ஆக்களுக்கு முதலில ஒரு சின்ன விளக்கம். (தெரிஞ்சவை அடுத்த பந்திக்குப் பாயலாம்.) இப்ப எல்லாரும் விளையாடுறது ரெக்சாஸ் ஹோல்டம் எண்ட வகை. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு காட் மறைவாக் கிடைக்கும். மேசையில ஐஞ்சு காட் படிப்படியாத் திறக்கப்படும். இந்த ஏழில நல்ல ஐஞ்சு ஆருக்கு இருக்கோ அவருக்கு வெற்றி. காட் போட முதலே ரெண்டு பேர் கட்டாயமாக் கொஞ்சச் சிப்ஸ் வைக்கவேணும். அதுக்குப் பேர் பிளைண்ட். பிறகு ஒவ்வொருத்தரும் முறை வரேக்க காட்டை எறிஞ்சிட்டு விலகலாம், முன்னால வைச்ச அளவுக்குக் கட்டலாம், இல்லாட்டி அதைவிட ஏத்தலாம். ஒருத்தர் ஏத்தினதுக்கு மேல இன்னொருத்தர் ஏத்திறதுதான் நாங்கள் கதைக்கிற விசயம்.

எங்கட 304 விளையாட்டிலயும் ஏத்திறது இருக்கு. ஒருத்தர் 160 எண்டு கேட்டா மற்றவர் 170 எண்டுவார். ஆனா அங்க மேல கேட்டவர் தன்ர தலையிலதான் பாரத்தை வைக்கிறார். கேட்ட புள்ளியை அவர்தான் எடுத்துக் காட்டவேணும், ஏலாட்டி அவருக்குத்தான் அடி. போக்கரில இது தலைகீழ். ஏத்திறவன் பாரத்தை எதிராளின்ர தலையில வைக்கிறான். "கட்டு, இல்லாட்டி ஓடு." நீங்கள் ஓடினால் அவன் தன்ர காட்டை ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை. 304 விளையாடி வளர்ந்த ஆக்கள் "இவ்வளவு ஏத்திறான், கையில ஏதோ இருக்கத்தான் வேணும்" எண்டு நம்பிறது இதாலதான். 304 இல மேல கேட்கிறது ஒரு வாக்குறுதி. போக்கரில அது ஒரு மிரட்டல். மிரட்டல் உண்மையாயும் இருக்கலாம், புளுகாயும் இருக்கலாம்.

சரி, விசயத்துக்கு வருவம்.

நான் சார்ஜாவில றோலாப் பக்கம் ஒரு அறையில இருந்த காலம். ஆறு பேர், மூண்டு தட்டுக்கட்டில். அப்ப எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஆனபடியால் வியாழன் இரவு காட்ஸ். நிலத்தில பாயை விரிச்சு, சிப்சுக்குப் பதிலாத் தண்ணிப் போத்தல் மூடி. காசு வைக்கிறேல்லை. அமீரகத்தில காசு வைச்சுச் சூதாடுறது குற்றம். பிடிபட்டா உள்ள போறது மட்டுமில்லை, விசாவும் போயிடலாம். விசா போனா ஊரில எத்தினை அடுப்பு அணையும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதால மூடிதான். ஆளுக்கு 200 மூடி. முடிஞ்சா பெட்டிக்குள்ள கையை விட்டு இன்னொரு 200.

அந்தப் பெட்டிதான் எல்லாத்துக்கும் காரணம்.

எங்களோட ஒரு மன்னார்ப் பெடியன் இருந்தவன். நல்ல பிள்ளை, கடும் உழைப்பாளி. காட்ஸ் எண்டு இருந்தா ஆள் வேற. ஆர் ஏத்தினாலும் திருப்பி ஏத்துவான். 6 வைச்சா 18, 18 வைச்சா 60, 60 வைச்சா முழுக்க. முதல் ஒரு மணித்தியாலம் எல்லாரும் விலகி விலகி அவன்ர பக்கம் மூடி மலை மாதிரிக் குவியும். பிறகு மற்றவைக்கு ரோசம் வரும். "இவனுக்கு இண்டைக்குப் பாடம் படிப்பிக்கிறன்" எண்டு ஒண்டுமில்லாத காட்டை வைச்சுக்கொண்டு அவனுக்கு மேல ஏத்துவினம். அவன் என்ன செய்வான்? சிரிச்சுக்கொண்டு கட்டுவான். கையில ஏழும் ரெண்டும் இருந்தாலும் கட்டுவான். தோத்தா என்ன, பெட்டி கிட்டத்தானே இருக்கு!

இதில பிழை எங்க எண்டு யோசிச்சுப் பாருங்கோ. புளுகி ஏத்திறது எண்டது ஒரு மிரட்டல். மிரட்டல் நோவுக்குப் பயப்பிடுறவனிட்டத்தான் எடுபடும். மூடிக்குப் பெறுமதி இல்லாத இடத்தில நோவும் இல்லை. அங்க நீங்கள் புளுகிறது செவிடன்ர காதில ஊதின சங்குதான். அவன் தைரியசாலியும் இல்லை, சூரனும் இல்லை. இழக்க அவனிட்ட ஒண்டும் இல்லை, அவ்வளவுதான். கைபேசியில இலவசச் சிப்ஸ் தாற விளையாட்டுகளிலயும் இதே கதைதான். நாலு பேர் முதல் காட்டுக்கே எல்லாத்தையும் உள்ள தள்ளுவினம்.

இப்பிடியான ஆளுக்கு மருந்து சப்பெண்டது. சொன்னா ஒருத்தருக்கும் பிடிக்காது. புளுகிறதை முழுசா நிப்பாட்டுங்கோ. அரைகுறைக் காட்டோட ஏத்திறதையும் நிப்பாட்டுங்கோ. பொறுத்திருந்து நல்ல காட் வந்தாப் பிறகு அவனையே ஏத்த விடுங்கோ. உங்கட கையில ரெண்டு எட்டு இருக்கு, அவன் எந்த ரெண்டு காட்டோடயும் முழுசையும் தள்ளுறவன் எண்டு வைப்பம். நூறில 69 தரம் நீங்கள் வெல்லுவியள். ஆசும் ராசாவும் எண்டா 65 தரம் அளவில. ரெண்டு ஆசு எண்டா 85 தரம். இதைவிட நல்ல வியாபாரம் உலகத்தில இல்லை.

ஆனா இதில ஒரு கசப்பும் இருக்கு. 69 எண்டா மிச்சம் 31. மூண்டு தரத்துக்கு ஒருக்கா அந்த விசரன் வெண்டிட்டு உங்களைப் பாத்துச் சிரிப்பான். ஒரு இரவை வைச்சு உங்கட விளையாட்டு சரியா பிழையா எண்டு தீர்மானிக்க ஏலாது. சரியாச் செய்தும் தோக்கிறது போக்கரில அண்டாட நிகழ்ச்சி. அதைத் தாங்க ஏலாதவை 304 ஓடயே நிக்கிறது உடம்புக்கு நல்லது :)

இனி மற்ற ஆள். இவன் சிப்சுக்குப் பெறுமதி தெரிஞ்சவன், யோசிச்சு ஏத்திறவன். இவன்தான் உண்மையில ஆபத்தானவன். இவனை விளங்கக் கொஞ்சம் கணக்குப் பாக்கவேணும். பயப்பிடாதேங்கோ, ஆறாம் வகுப்புக் கணக்குத்தான்.

பிளைண்ட் 1 உம் 2 உம். நீங்கள் 6 க்கு ஏத்திறியள். இப்ப நடுவில 9 கிடக்கு. அவன் 18 க்குத் திருப்பி ஏத்திறான். அதாவது 9 ஐப் பிடிக்க 18 ஐப் பணயம் வைக்கிறான். மற்றவையும் நீங்களும் விலகினா அவனுக்கு 9 லாபம். நீங்கள் நிண்டு அவன் முழுசாத் தோத்தா 18 நட்டம். அப்ப மூண்டு தரத்தில ரெண்டு தரம் நீங்கள் விலகினா அவனுக்குச் சரிக்குச் சரி. அதுக்கு மேல விலகினா, அவன் கையில என்ன காட் எண்டது தேவையே இல்லை. காட்டைப் பாக்காமலே ஏத்திக்கொண்டிருக்கலாம்.

உங்களுக்கு வாற காட்டில நூறுக்கு 40 ஐ வைச்சு நீங்கள் ஏத்திறியள் எண்டு வையுங்கோ. அவன் திருப்பி ஏத்தினாப் பிறகு நிக்கக்கூடியது அதில 8 தான். ஐஞ்சு தரத்தில நாலு தரம் விலகுறியள். நூறு தரம் இப்பிடி நடந்தா அவனுக்கு 80 தரம் 9, மொத்தம் 720 வரவு. 20 தரம் 18, மொத்தம் 360 செலவு. மிச்சம் 360 லாபம்.

இப்ப நீங்கள் ஒண்டே ஒண்டை மாத்திறியள். 40 க்குப் பதிலா 20 காட்டைத்தான் ஏத்திறியள். நிக்கிறது அதே 8 தான். இப்ப 60 தரம் விலகுறியள், 40 தரம் நிக்கிறியள். அவனுக்கு வரவு 540, செலவு 720. லாபம் 360 ஆக இருந்தது 180 நட்டமா மாறிட்டுது. நீங்கள் ஒரு தரமும் அவனுக்கு மேல ஏத்தேல்லை, புளுகேல்லை, முறைச்சுப் பாக்கவும் இல்லை. தொடக்கத்திலயே குப்பைக் காட்டை எறிஞ்சது மட்டும்தான்.

(நீங்கள் நிண்டாலும் பிறகு திறக்கிற காட்டில அவன் சில தரம் வெல்லுவான். ஆனபடியால் இந்தக் கணக்கு சொல்லுறதைவிட இன்னும் கொஞ்சம் கூட நிக்கவேணும். ஆனா திசை இதுதான்.)

அடுத்தது, அவன் என்னத்தை வைச்சு ஏத்திறான் எண்டு எண்ணுறது. 52 காட்டில ரெண்டு காட் வரக்கூடிய விதம் மொத்தம் 1326. ஒரு சோடி, உதாரணத்துக்கு ரெண்டு ஆசு, 6 விதமா வரும். ஆசும் ராசாவும் 16 விதமா வரும். ரெண்டு ஆசு, ரெண்டு ராசா, ரெண்டு ராணி, ஆசும் ராசாவும் எல்லாம் சேர்த்தா 34. 1326 இல 34 எண்டா நூறுக்கு 2.6. அதாவது மகாநல்ல காட்டோட மட்டும் திருப்பி ஏத்திறவனுக்கு ஏறக்குறைய 40 தரத்துக்கு ஒரு தரம்தான் சந்தர்ப்பம் வரும். அப்பிடியானவன் ஏத்தினா நல்லபிள்ளையா விலகுங்கோ, அதில அவமானமே இல்லை. ஆனா 40 தரத்தில ஐஞ்சு தரம் ஏத்திறவன் நூறுக்கு 12 அளவு காட்டோட, கிட்டத்தட்ட 159 விதத்தோட ஏத்திறான். அதில மகாநல்லது அதே 34 தான். ஐஞ்சில ஒரு பங்கு மகாநல்லது, மிச்சம் நடுத்தரமும் புளுகும்.

ஆகவே அவன்ர முகத்தைப் பாக்கிறதை விட்டிட்டு எண்ணுங்கோ. அவனுக்கு எத்தினை தரம் சந்தர்ப்பம் வந்தது, அதில எத்தினை தரம் ஏத்தினவன்? முகம் பொய் சொல்லும். எண்ணிக்கை அவ்வளவு சுலபமாப் பொய் சொல்லாது. ஒண்டு மட்டும் கவனம்: மேசையில ஒரு மணித்தியாலத்துக்கு 25, 30 கைதான் போகும். ரெண்டு தரம் ஏத்தினதைக் கண்டிட்டு "இவன் விசரன்" எண்டு முடிவெடுக்காதேங்கோ. அவனுக்கு உண்மையிலயே நல்ல காட் ரெண்டு தரம் வந்திருக்கலாம்.

கட்டிறதா விலகிறதா எண்டதுக்கும் கணக்கு இருக்கு. அவன் 18 க்கு ஏத்தினாப் பிறகு நடுவில 27 கிடக்கு. நீங்கள் இன்னும் 12 போடவேணும். போட்டா மொத்தம் 39. அப்ப நூறுக்கு 31 தரம் வெல்லக்கூடிய காட் இருந்தாக் கட்டலாம் எண்டுது கணக்கு. ஆனா இது காகிதக் கணக்கு. அவனுக்கு முன்னால நீங்கள் முடிவெடுக்கவேண்டிய இடத்தில இருந்தா, ஒவ்வொரு காட் திறக்கேக்கயும் அவன் உங்களைப் பாத்திட்டு அடிப்பான். அந்த 31 காணாது. அவனுக்குப் பிறகு முடிவெடுக்கிற இடத்தில இருந்தா 31 தாராளம். அதால முடிஞ்சா இப்பிடியானவன்ர இடக்கைப் பக்கம் இருங்கோ. காட் இடப்பக்கமாத்தான் சுத்தும், அப்ப அவன் முதல் பேசுவான், நீங்கள் பிறகு பேசுவியள். அறையில பாய் விரிக்கேக்க எங்க குந்துறம் எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை. அரைவாசி விளையாட்டு அதிலதான் இருக்கு.

இனி எல்லாரும் சொல்லுற அந்த மருந்து, திருப்பி அடிக்கிறது. அவன்ர 18 க்கு மேல நீங்கள் 44 க்கு ஏத்தலாம். புதுசாப் போடுறது 38, பிடிக்கப் பாக்கிறது 27. கணக்குப் போட்டா நூறுக்கு 58, 59 தரம் அவன் விலகவேணும். யோசிச்சு ஏத்திறவன் விலகுவான். அவன் வைச்சிருக்கிறதில முக்கால்வாசிக்கு மேல நடுத்தரமும் புளுகும் எண்டு மேல பாத்தமே. போத்தல் மூடிக்காரன் விலகவே மாட்டான். ஒரே அடி, ஒரு இடத்தில லாபம், மற்ற இடத்தில தற்கொலை. பெடியளுக்கு நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது இதைத்தான்.

புளுகி அடிக்கிறதெண்டா எந்தக் காட்டோட அடிக்கிறது? கனபேர் நடுத்தரக் காட்டோட அடிப்பினம், "கொஞ்சமாவது கையில இருக்கே" எண்டு. அது பிழை. ஃபொன் நொய்மன் எண்ட கணித மேதை மோர்கென்ஸ்டேர்னோட சேர்ந்து 1944 இல விளையாட்டுக் கோட்பாடு பற்றி எழுதின புத்தகத்திலயே போக்கருக்கு ஒரு பகுதி இருக்கு. அவர் எடுத்த எளிய போக்கரில வந்த முடிவு என்னெண்டா, பெரிசாக் கட்டவேண்டியது மிக நல்ல காட்டோடயும் மிக மோசமான காட்டோடயும்தான். நடுத்தரக் காட்டுக்கு வேற வேலை இருக்கு: அது புளுகைப் பிடிக்கிற காட். அதை வைச்சு அடிச்சால் உங்களைவிட மோசமானவன் விலகுவான், நல்லவன்தான் நிப்பான். ஒரு பிரயோசனமும் இல்லை.

கைதேர்ந்தவை புளுகி அடிக்கிறதுக்கு ஆசோட ஒரு சின்னக் காட்டை, ஆசும் ஐஞ்சும் மாதிரி ஒண்டை, விரும்பித் தெரிவினம். காரணம் சின்னது. ஒரு ஆசு உங்கட கையில இருந்தா அவனுக்கு ரெண்டு ஆசு வரக்கூடிய விதம் 6 இல இருந்து 3 ஆகிடும். ஆசும் ராசாவும் 16 இல இருந்து 12 ஆகிடும். மேல பாத்த 34 இப்ப 27. அவன் நிக்கக்கூடிய காட்டில ஒரு பங்கு உங்கட கைக்குள்ள மறைஞ்சு கிடக்கு.

இவ்வளவு கணக்கையும் ஒரு நிமிசத்தில அழிக்கக்கூடிய ஒண்டு இருக்கு. ரோசம். "என்னை என்ன எண்டு நினைச்சவன்?" எண்ட கேள்வி மனதுக்குள்ள வந்த உடன கணக்கு முடிஞ்சுது. 2017 சனவரியில அமெரிக்காவின்ர கார்னகி மெலன் பல்கலைக்கழகம் செய்த லிப்ராட்டஸ் எண்ட கணினி நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரரோட 20 நாள், 120,000 கை விளையாடி வெண்டது. அதுக்கு ரோசம் இல்லை. பகலில அந்த நாலு பேரும் எந்தத் தொகையைக் கட்டி அதின்ர பலவீனத்தைத் தேடினவையோ, அந்த ஓட்டைகளை அது இரவில கணக்குப் போட்டு அடைச்சது. நாங்களும் அதைச் செய்யலாம். அவன் ஏன் என்னை மட்டும் ஏத்திறான்? நான் எங்க கூட விலகுறன்? இந்தக் கேள்வியை அடுத்த நாள் பஸ்ஸில போகேக்கக் கேட்டால் அது படிப்பு. அண்டிரவு பாயில இருந்து கேட்டால் அது சண்டை.

ஏத்தி ஏத்திப் போறது எங்க முடியும் எண்டதுக்கு வளைகுடா அரபிக்காரரிட்டயே ஒரு பாடம் இருக்கு. அவை பலூட் எண்டு ஒரு காட்ஸ் விளையாடுவினம். சவூதியில 2018 ஏப்பிரலில றியாத்தில அரசாங்கமே பலூட் போட்டி வைச்சுப் பத்து லட்சம் ரியாலுக்கு மேல பரிசு குடுத்தது. பிரெஞ்சுக்காரரின்ர பெலோட் விளையாட்டின்ர உறவு அது. 32 காட், நாலு பேர், துரும்பில யாக்தான் பெரிசு, அடுத்தது ஒன்பது. எங்கட 304 இன்ர ஒண்டுவிட்ட சகோதரம் மாதிரி. அந்த பலூட்டில ஒரு பக்கம் கையை எடுத்தால் எதிர்ப்பக்கம் "டபுள்" எண்டலாம். எடுத்தவை "திரீ" எண்டலாம். அவை திரும்ப "ஃபோர்" எண்டலாம். அதுக்கும் மேல எடுத்தவை "கஹ்வா" எண்டலாம். கஹ்வா எண்டா கோப்பி. கோப்பி எண்டு சொன்னாப் பிறகு அந்த ஒரு கையை ஆர் வெல்லினமோ அவைக்கு முழு ஆட்டமும். அதுவரைக்கும் கஷ்டப்பட்டுச் சேர்த்த புள்ளி எல்லாம் ஒண்டுமில்லை.

ஒவ்வொரு படியும் சின்னப் படி மாதிரித்தான் இருக்கும். கடைசிப் படியில மேசையில கிடக்கிறது முழு ஆட்டமும். போக்கரிலயும் 6, 18, 44, பிறகு 200. நாலாவது படியில நிண்டுகொண்டு "நான் ஏன் இஞ்ச வந்தனான்?" எண்டு யோசிக்கிறது பிந்தின யோசனை. முதல் 6 ஐ வைக்கேக்கயே "அவன் 18 எண்டா நான் என்ன செய்வன்?" எண்டதுக்கு மறுமொழி இருக்கவேணும். இல்லாட்டி 6 ஐயும் வைக்காதேங்கோ.

இதெல்லாம் போத்தல் மூடிக்கு எழுதேக்க பகிடியா இருக்கும். எனக்கு அவ்வளவு பகிடியாத் தெரியேல்லை, காரணம் அந்த மன்னார்ப் பெடியன்தான். பிறகொரு வருசம் லீவில போகேக்க கொழும்பில ஒரு சூதாட்ட விடுதிக்குப் போயிருக்கிறான். கையில வீட்டுக் கூரைக்கு எண்டு சேர்த்த காசு. பாயில இருந்து விளையாடின அதே விளையாட்டைத்தான் விளையாடியிருக்கிறான், ஆர் ஏத்தினாலும் திருப்பி ஏத்திறது. எதிரில இருந்தவை ரோசப்படேல்லை. பேசாமல் விலகி விலகி இருந்து, நல்ல காட் வந்த நேரம் கட்டியிருக்கினம். மேல நான் எழுதின சப்பெண்ட மருந்தை அவனுக்கே குடுத்திருக்கினம். ரெண்டு இரவு. பக்கத்தில பெட்டி இல்லை. அந்த வீட்டுக்கு ஓடு போட இன்னும் ரெண்டு வருசம் அவன் அமீரகத்தில வெயிலுக்க நிண்டவன். நான் பிறகு அகதியா ஐரோப்பா வந்தாப் பிறகுதான் அவன் இதைத் தொலைபேசியில சொன்னவன். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

அவனைக் கவுத்தது துரதிர்ஷ்டம் எண்டு நான் நினைக்கேல்லை. பெறுமதி இல்லாத சிப்சில பழகின கையை அவன் பெறுமதி உள்ள சிப்சுக்குக் கொண்டுபோனவன். இனி இந்தப் பிரச்சினை கூடத்தான் போகுது. அமீரகம் 2023 இல சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு மத்திய அதிகார சபையை அமைச்சது. 2024 ஒக்டோபரில றாஸ் அல் கைமாவின்ர அல் மர்ஜான் தீவில கட்டுப்படுற வின் நிறுவன விடுதிக்கு கசினோ உரிமம் கிடைச்சது. திறக்கிறதுக்கு 2027 ஐக் குறிச்சவை. உரிமம் இல்லாத இடத்தில விளையாடுறது அங்க குற்றம்தான், அதில மாற்றமில்லை. கொழும்பிலயும் 2025 இல ஒரு பெரிய கசினோ திறந்தாச்சு. இந்தியாவில பாதை வேற. 2023 நவம்பரில சென்னை உயர் நீதிமன்றம் றம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு எண்டு சொல்லி அதுகளுக்குத் தமிழ்நாடு போட்ட தடையை நீக்கினது. 2025 ஓகஸ்டில மத்திய அரசு காசு கட்டுற இணைய விளையாட்டு எல்லாத்தையும் தடை செய்து சட்டம் போட்டது.

திறமை விளையாட்டு எண்டதை நானும் ஒத்துக்கொள்ளுறன். இவ்வளவு நேரமும் எழுதினது அந்தத் திறமையைத்தானே. ஆனா அந்தத் திறமை வேலை செய்ய நேரம் வேணும், நேரத்துக்குக் கையிருப்பு வேணும். மேசைக்குக் கொண்டுபோற தொகையைப் போலக் குறைஞ்சது இருபது மடங்காவது ஒதுக்கி வைச்சிருக்கவேணும் எண்டுதான் கைதேர்ந்தவை சொல்லுறவை. நாலு மாதச் சம்பளத்தை ஒரே மேசையில வைக்கிறவனுக்குச் சரியான கணக்கும் உதவாது. 69 க்கு 31 எண்ட அந்த 31, அவனுக்கு ஒருக்கா வந்தாப் போதும். அவனுக்கு எதிரில இருக்கிறவன் இன்னொரு தரம் வாங்குவான். அப்ப பெட்டி பக்கத்தில இருக்கிறது எதிராளிக்குத்தான்.

அதால என்ர அபிப்பிராயத்தைச் சுருக்கமாச் சொன்னா: திருப்பித் திருப்பி ஏத்திறவனைக் கண்டா முதல் கேள்வி "அவனிட்ட என்ன காட்?" இல்லை. "இதில தோத்தா அவனுக்கு என்ன போகும்?" ஒண்டும் போகாதெண்டா புளுகாதேங்கோ, பொறுத்திருந்து கட்டுங்கோ. ஏதாவது போகுமெண்டா எண்ணுங்கோ, குப்பைக் காட்டை முதலே எறியுங்கோ, சரியான காட்டோட அளவாத் திருப்பி அடியுங்கோ. அதோட அதே கேள்வியை உங்களிட்டயும் கேளுங்கோ. இதில தோத்தா எனக்கு என்ன போகும்? மறுமொழி கூரை, விசா, தங்கச்சியின்ர கலியாணம் எண்டு வந்தா எழும்பி வாங்கோ. எழும்புறதும் விலகிறதுதான். விலகத் தெரியாதவனுக்கு மேல சொன்ன கணக்கு ஒண்டும் தேவைப்படாது.